ஃப்ளாஷ் அடிக்கிறது, படம் வரவில்லை: வீட்டு ஹாலில் முதல் ஸ்டுடியோ லைட் போடுகிறவர்களுக்கு

புதிதாக வாங்கிய ஸ்ட்ரோப்பை (ஸ்டாண்டில் நிற்கும் ஸ்டுடியோ ஃப்ளாஷ்) சாஃப்ட்பாக்ஸோடு (வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி) ஹாலில் நிறுத்தியாயிற்று. ஷட்டரை அழுத்தினால் கண் கூசுகிற அளவுக்கு வெளிச்சம் அடிக்கிறது, ஆனால் கேமராத் திரையில் ஒன்றும் இல்லை. சில நேரம் படத்தின் கீழ்ப்பாதி மட்டும் கறுப்பாக வருகிறது. சில நேரம் எல்லாம் சரியாக இருந்தும் முகம் மட்டும் பச்சையடித்துப்போகிறது. வடசென்னையில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் இன்று வீட்டிலேயே ஸ்டுடியோ போடுகிறவர்கள் நிறைய. ஆன்லைனில் புடவை விற்கும் அக்காமார்கள், பாக்ஸிங் பழகும் பையன்களுக்கு போஸ்டர் படம் எடுத்துக்கொடுக்கும் நண்பர்கள், பாஸ்போர்ட் படத்தில் தொடங்கி வளைகாப்பு வரை போக நினைப்பவர்கள் என்று பலர். எல்லாருக்கும் முதல் வாரத்தில் வரும் தலைவலிகள் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றை ஒவ்வொன்றாகப் பிடிக்கும் வழியை இங்கே சொல்கிறேன்.

எந்தக் கோளாறு வந்தாலும் செட்டிங்கில் கை வைக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் படத்தை எடுத்தது எந்த வெளிச்சம்?

ஃப்ளாஷ் போட்டு எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் இரண்டு வெளிச்சம் விழுகிறது. ஒன்று, அறையில் ஏற்கெனவே இருக்கும் வெளிச்சம்: டியூப்லைட், ஜன்னல், பக்கத்து அறை பல்பு. மற்றொன்று ஃப்ளாஷ். ஃப்ளாஷ் எரிவது சில நூறில் ஒரு பங்கு நொடியிலிருந்து சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி வரைதான். ஷட்டரை 1/60இல் வைத்தாலும் 1/125இல் வைத்தாலும் அது அந்த இடைவெளிக்குள் எரிந்து முடிந்துவிடும். அதனால் ஷட்டர் ஸ்பீடை மாற்றினால் அறை வெளிச்சம் மட்டுமே கூடும், குறையும். ஃப்ளாஷின் பவரும் தூரமும் ஃப்ளாஷை மட்டும் மாற்றும். அப்பர்ச்சரும் (லென்ஸின் திறப்பு) ஐஎஸ்ஓவும் (கேமராவின் ஒளி உணர்திறன்) இரண்டையும் சேர்த்து மாற்றும். இந்த மூன்று வரி மனதில் தங்கிவிட்டால் பாதிக் கோளாறு தானே விலகும்.

பிளக் மாட்டுவதற்கு முன்

ஸ்ட்ரோப்பின் முகப்பில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றாமல் ஆன் செய்யக்கூடாது. மாடலிங் லைட் (நிழல் எங்கே விழும் என்று பார்க்க ஸ்ட்ரோப்பில் தொடர்ந்து எரியும் பல்பு) ஹாலஜன் பல்பாக இருந்தால் அந்தச் சூட்டில் மூடி உருகிவிடும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் மாட்டுவதும் வேண்டாம். எர்த் போய்விடும். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருந்தாலும் உள்ளே எர்த் ஒயர் கொடுத்திருக்கிறார்களா என்பது சந்தேகம்தான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஸ்ட்ரோப் உள்ளே இருக்கும் கெபாசிட்டர் சில நூறு வோல்ட்டைத் தேக்கிவைக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்சாரம் உள்ளேயே இருக்கும். ஆகவே கோளாறு எதுவானாலும் பெட்டியைத் திறந்து பார்க்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். ஆளைக் கொல்லக்கூடிய அளவு அதில் உண்டு.

கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டரில் ஸ்ட்ரோப்பை ஓட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். சைன் வேவ் இல்லாத சாதாரண இன்வெர்ட்டரானால் ஓட்டாதீர்கள். அன்றைய வேலையை பேட்டரியில் ஓடும் ஸ்பீட்லைட்டில் (கேமரா மேல் மாட்டும் சின்ன ஃப்ளாஷ்) முடித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாண்டை நிறுத்தும்போது மூன்று காலில் ஒரு கால் சாஃப்ட்பாக்ஸ் நீண்டிருக்கும் திசையிலேயே இருக்கட்டும். அந்தக் காலின் மேல் ஒரு மணல் பை, அல்லது துணிப்பையில் ஐந்து கிலோ அரிசி. கடைசியாக, தலைக்கு மேல் பாருங்கள். நம் வீடுகளில் ஸ்டாண்டை உயர்த்தினால் நேராக சீலிங் ஃபேன் இறக்கைக்குத்தான் போகும். லைட்டை ஏற்றுவதற்கு முன் ஃபேனை நிறுத்துவது பழக்கமாகட்டும்.

முதல் படம் கறுப்பாக வர வேண்டும்

கேமராவை மேனுவலில் வையுங்கள். ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125, அப்பர்ச்சர் எஃப் 8. ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) ஆட்டோவில் வேண்டாம். ஃப்ளாஷ் குறியிலோ 5500 கெல்வினிலோ வையுங்கள். இப்போது ஃப்ளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள்.

படம் முழுக் கறுப்பாக வந்தால் நல்லது. அறை வெளிச்சம் உங்கள் படத்துக்குள் வரவில்லை என்று பொருள். இனி படத்தில் தெரியும் ஒவ்வொரு புள்ளி வெளிச்சமும் நீங்கள் போட்டது. ஏதாவது மங்கலாகத் தெரிந்தால் டியூப்லைட்டை அணையுங்கள், ஜன்னலுக்குப் போர்வை கட்டுங்கள், திரும்ப எடுங்கள். புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போவது இந்த ஒரு படத்தைத்தான். இதற்கு அரை நிமிடம் ஆகாது. பின்னால் வரும் எல்லாக் குழப்பத்தையும் தீர்க்கும் அளவுகோல் இதுவே என்பதால் ஒவ்வொரு ஷூட்டிலும் இதை எடுக்கச் சொல்கிறேன்.

அதன் பிறகு ஒரே ஒரு லைட். இரண்டாவது லைட் பெட்டியிலேயே இருக்கட்டும். சாஃப்ட்பாக்ஸை ஆளின் முகத்திலிருந்து மூன்று அடி தூரத்தில், பக்கவாட்டில் ஏறக்குறைய 45 டிகிரியில், கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்து, சற்றுக் கீழ்நோக்கிச் சாயுங்கள். பவர் 1/8. ஒரு படம். இருட்டாக இருந்தால் பவரை 1/4 ஆக்குங்கள், வெளுத்துப்போனால் 1/16க்கு இறக்குங்கள். ஒவ்வொரு படியும் ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் இரண்டு மடங்காகும் அல்லது பாதியாகும். ஷட்டரைத் தொட வேண்டாம்.

மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இந்த செட்டிங்கில் வியூஃபைண்டரே கறுப்பாகிவிடும். முகம் தெரியாது, ஃபோகஸும் தடுமாறும். கேமரா பழுது என்று பயப்படாதீர்கள். எடுக்கப்போகும் படம் எவ்வளவு வெளிச்சமாக இருக்கும் என்பதை அது முன்கூட்டியே காட்டப்பார்க்கிறது. ஃப்ளாஷ் வரப்போவது அதற்குத் தெரியாது. கேனானில் எக்ஸ்போஷர் சிமுலேஷன், சோனியில் செட்டிங் எஃபெக்ட் என்று மெனுவில் இருப்பதை ஆஃப் செய்தால் திரை வெளிச்சமாகிவிடும்.

ஃப்ளாஷ் அடிக்கவே இல்லை

மூன்று பட்டன்களை வரிசையாக அழுத்துங்கள். முதலில் ஸ்ட்ரோப்பின் மேலேயே இருக்கும் டெஸ்ட் பட்டன். அடுத்து ட்ரிக்கரில் (கேமரா மேல் மாட்டி, ஸ்ட்ரோப்பை ஒயர் இல்லாமல் அடிக்கச் செய்யும் கருவி) இருக்கும் டெஸ்ட் பட்டன். கடைசியாகக் கேமரா ஷட்டர். எந்த இடத்தில் நின்றுபோகிறதோ அங்கேதான் கோளாறு.

ஸ்ட்ரோப்பின் சொந்தப் பட்டனுக்கே அடிக்கவில்லை என்றால் மின்சாரம், ஃபியூஸ், அல்லது ஸ்ட்ரோப்பேதான். சாக்கெட்டை மாற்றிப் பாருங்கள், ஃபியூஸைப் பாருங்கள், அப்போதும் இல்லையென்றால் சர்வீஸ்.

ட்ரிக்கர் பட்டனில் நின்றால் சேனல், குரூப் இரண்டும் இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். புதிய மாடல்களில் ஐடி என்று மூன்றாவது எண் ஒன்றும் உண்டு, அதுவும் பொருந்த வேண்டும். வீட்டுக்கு வீடு வைஃபை இருக்கும் அடுக்குமாடிகளில் அலைவரிசை இடிக்கலாம். சேனலை மாற்றிப் பாருங்கள். கோடாக்ஸ் ட்ரிக்கர்களில் தூரத்துக்கென்றே ஒரு அமைப்பு இருக்கிறது: 1 முதல் 100 மீட்டர், 0 முதல் 30 மீட்டர் என்று இரண்டு. ட்ரிக்கர் ஸ்ட்ரோப்புக்கு மிக அருகில் இருந்தால் முதல் அமைப்பில் சில நேரம் தவறும். நம் ஹாலுக்கு இரண்டாவதுதான் பொருத்தம்.

இரண்டு பட்டனும் வேலை செய்து, கேமராவில் அழுத்தும்போது மட்டும் அடிக்கவில்லையா? ட்ரிக்கரை ஹாட் ஷூவில் (கேமராவின் தலையில் ஃப்ளாஷ் மாட்டும் இடம்) முழுக்க உள்ளே தள்ளிப் பூட்டினீர்களா என்று பாருங்கள். கேமராவில் சைலன்ட் ஷட்டர் ஆன் செய்திருந்தால் பெரும்பாலான மிரர்லெஸ்ஸில் ஃப்ளாஷ் அடிக்காது, மெக்கானிக்கலுக்கு மாற்றுங்கள். பிறகு காசிமேடு, திருவொற்றியூர்க் கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது உப்புக்காற்று. ஹாட் ஷூவின் சின்னச் சின்னத் தகடுகளில் கண்ணுக்குத் தெரியாத படலம் படியும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டால் போதும்.

இன்னொரு காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இங்கே முதல் கேமராவாகப் பலர் கையில் இருப்பவை கேனான் 1500டி, 3000டி, 200டி மார்க் 2. இந்த மூன்றின் ஹாட் ஷூவிலும் நடுவில் இருக்க வேண்டிய பெரிய பின்னைக் கேனான் எடுத்துவிட்டது. எந்தக் கேமராவுக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்கும் மலிவு ட்ரிக்கர்கள் அந்த ஒரு பின்னை நம்பியே வேலை செய்கின்றன. அவற்றை இந்தக் கேமராக்களில் மாட்டினால் அசையாது. கேமராவிலும் தவறில்லை, ட்ரிக்கரிலும் தவறில்லை, ஜோடிதான் சேரவில்லை. கேனானுக்கென்றே செய்த ட்ரிக்கரை, இந்த மாடலில் ஓடுகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள். ரிச்சி தெருவோ பர்மா பஜாரோ, எங்கே போனாலும் கேமராவைக் கையோடு கொண்டுபோங்கள்.

அடிக்கிறது, ஆனால் படத்தில் இல்லை

ட்ரிக்கர் வாங்கக் காசில்லாதபோது கேமராவின் சொந்த பாப்-அப் ஃப்ளாஷை வைத்தே ஸ்ட்ரோப்பை அடிக்கச் செய்யலாம். ஸ்ட்ரோப்பில் இருக்கும் கண் வேறொரு ஃப்ளாஷைப் பார்த்ததும் தானும் அடிக்கும். நல்ல வழிதான். ஆனால் குழப்பமும் இங்கேதான் அதிகம்.

ஆட்டோவில் இருக்கும் பாப்-அப் ஃப்ளாஷ், அளவு பார்ப்பதற்காக ஷட்டர் திறக்கும் முன்பே சின்னதாக ஒருமுறை அடிக்கும். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஸ்ட்ரோப் அந்த முதல் வெளிச்சத்தைப் பார்த்து அவசரப்பட்டு அடித்துவிடுகிறது. ஷட்டர் திறக்கும்போது ஸ்ட்ரோப் காலி. படத்தில் பாப்-அப் ஃப்ளாஷின் தட்டையான வெளிச்சம் மட்டும் இருக்கும்.

ஸ்ட்ரோப்பிலோ ஸ்பீட்லைட்டிலோ எஸ்1, எஸ்2 என்று இரண்டு நிலை இருந்தால் எஸ்2வில் வையுங்கள். அது முதல் வெளிச்சத்தைக் கண்டுகொள்ளாது. ஒரே நிலைதான் உண்டென்றால் கேமரா மெனுவில் பாப்-அப் ஃப்ளாஷை மேனுவலுக்கு மாற்றி, ஆகக் குறைந்த பவரில் வைக்க வேண்டும். அந்த வசதியும் இல்லாத கேமராவென்றால் ட்ரிக்கர் வாங்குவதைத் தவிர வழியில்லை. இன்னொன்று, பாப்-அப் ஃப்ளாஷ் முகத்துக்கு நேராக அடித்து, சாஃப்ட்பாக்ஸ் செய்த நிழலை அழிக்கும். அதன் முன்னால் வெள்ளை அட்டையைச் சாய்வாகப் பிடித்து வெளிச்சத்தை ஸ்ட்ரோப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

படத்தில் கறுப்புப் பட்டை

ஷட்டர் ஸ்பீடு கூடிப்போயிருக்கிறது. அவ்வளவுதான். ஷட்டரில் இரண்டு திரைகள் உண்டு. ஒன்று திறந்துகொண்டே போக, மற்றொன்று பின்னாலேயே மூடிக்கொண்டு வரும். குறிப்பிட்ட வேகம் வரைதான் படம் பதியும் சென்சார் முழுவதும் ஒரே கணத்தில் திறந்திருக்கும். பெரும்பாலான தொடக்கநிலைக் கேமராக்களில் அந்த எல்லை 1/200. சிலவற்றில் 1/160, சிலவற்றில் 1/250. அதைத் தாண்டினால் இரண்டாவது திரை மறைத்த பகுதி கறுப்பாக வரும். மலிவு ட்ரிக்கர்கள் சமிக்ஞையைக் கொஞ்சம் தாமதமாக அனுப்புவதால் 1/200இலேயே மெல்லிய பட்டை தெரியலாம். 1/125இல் நின்றுவிடுங்கள். அந்த எல்லையைத் தாண்டியும் ஃப்ளாஷ் போட ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு சிங்க்) என்ற வசதி இருக்கிறதே என்று கேட்பார்கள். அது வெயிலில் எடுப்பதற்கு. ஹாலுக்குள் அதைப் போட்டால் ஃப்ளாஷின் பலம் வீணாகக் குறையும்.

ஒரு படம் நன்றாக, அடுத்தது இருட்டாக

ஸ்ட்ரோப் திரும்பச் சார்ஜ் ஆவதற்கு முன் ஷட்டரை அழுத்திவிடுகிறீர்கள். ரெடி விளக்கு எரியும்வரை பொறுங்கள். பீப் சத்தம் இருந்தால் ஆன் செய்துகொள்ளுங்கள். மாலையில் ஏசியும் மோட்டாரும் எல்லா வீட்டிலும் ஓடி வோல்டேஜ் இறங்கும்போது இந்தக் காத்திருப்பு நீளும். ஸ்பீட்லைட்டானால் சாதாரண அல்கலைன் பேட்டரியை விட்டுவிட்டு ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி போடுங்கள், வேகமாக மீளும். பவரைக் குறைத்த பிறகு முதல் படம் மட்டும் வெளுத்து வந்தால், உள்ளே தேங்கியிருந்த பழைய சார்ஜ்தான் காரணம். பவரைக் குறைத்ததும் டெஸ்ட் பட்டனை ஒருமுறை அழுத்திவிடுங்கள்.

நிறம் கெட்டுப்போவது

புடவை விற்பவர்களுக்கு இதுதான் உயிர்ப் பிரச்சினை. மாம்பழ மஞ்சள் புடவை எலுமிச்சை நிறத்தில் போனால் பார்சல் திரும்பி வரும். காரணத்தைக் கண்டுபிடிக்க முதலில் சொன்ன கேள்விக்கே திரும்புங்கள். அதே செட்டிங்கில் ஃப்ளாஷை அணைத்து ஒரு படம் எடுங்கள். ஏதாவது தெரிந்தால் குற்றவாளி டியூப்லைட். ஃப்ளாஷின் நிறம் ஏறக்குறைய 5500 கெல்வின், வீட்டு வெள்ளை எல்இடி 6500, மஞ்சள் பல்பு 3000 பக்கம். கலந்தால் முகத்தின் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் ஆரஞ்சு. எந்த ஒயிட் பேலன்ஸும் இரண்டையும் ஒருசேரத் திருத்தாது. விளக்கை அணையுங்கள்.

படம் முழுக் கறுப்பாக வந்தால் குற்றவாளி சுவர். நம் வீடுகளில் இளம்பச்சை, ரோஸ், வானநீலம் அடித்திருப்போம். சாஃப்ட்பாக்ஸிலிருந்து வெளியே சிதறும் வெளிச்சம் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும்போது அதன் நிறத்தையும் எடுத்துக்கொண்டு வரும். பத்துக்குப் பத்து அறையின் நடுவில் நின்றால் சுவர் எந்தப் பக்கமும் ஐந்தடியில்தான் இருக்கிறது. அதனால் பெரிய ஸ்டுடியோக்காரர்கள் கவலைப்படாத இந்த விஷயம் நமக்கு மட்டும் பெரிய தொல்லை.

வழி மலிவானது. எம்.சி. ரோடு துணிக்கடைகளில் பளபளப்பில்லாத கறுப்புத் துணி சில மீட்டர் வாங்குங்கள். சாட்டின் வேண்டாம், அது மின்னும். ஆளுக்கு நிழல் விழும் பக்கம், சாஃப்ட்பாக்ஸுக்கு எதிரே, கொடிக்கயிற்றில் அதைத் தொங்கவிடுங்கள். பச்சை மறையும், கூடவே முகத்துக்கு ஒரு ஆழம் வரும். சின்ன அறையில் எடுத்த படங்கள் சப்பையாகத் தெரிவதற்குக் காரணமே நாலாபுறமும் திரும்பிவரும் வெளிச்சம். பாக்ஸிங் பையனின் தோள் தசை தெரிய வேண்டுமா, கறுப்புத் துணி. வளைகாப்புப் பெண்ணின் முகம் மென்மையாக வேண்டுமா, அதே இடத்தில் வெள்ளைத் தெர்மாகோல் பலகை. ரிஃப்ளெக்டர் என்று தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை.

கூரை வெள்ளையாக இருந்தால் விட்டுவிடலாம். தரையில் சிவப்பு ரெட் ஆக்சைடு போட்ட பழைய வீடானால் தாடைக்குக் கீழே செம்மை ஏறும். காலடியில் ஒரு வெள்ளை வேட்டியை விரியுங்கள்.

புடவைக்கு இன்னும் ஒரு படி. முதல் படத்தில் பதினெட்டு சதவீத கிரே கார்டு (நிறம் பார்க்க உதவும் சாம்பல் அட்டை) ஒன்றைப் புடவை மேல் வைத்து எடுத்து, அதிலிருந்தே ஒயிட் பேலன்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை ஏ4 தாளை நம்பாதீர்கள், அதில் நீலம் கலந்த மினுமினுப்பு இருக்கும். சரிகை எரிந்து வெள்ளையாகத் தெரிந்தால் லைட்டை கேமராப் பக்கத்திலிருந்து நகர்த்திப் புடவைக்குப் பக்கவாட்டில் கொண்டுபோங்கள். நெசவின் மேடுபள்ளமும் அப்போதுதான் தெரியும்.

நிழலும் பின்னணியும்

நிழல் கடினமாக விழுகிறது என்று சாஃப்ட்பாக்ஸைத் தள்ளித் தள்ளி வைப்பார்கள். நேர்மாறாகச் செய்ய வேண்டும். ஆளின் பார்வையில் லைட் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவு மென்மை. 60க்கு 90 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ் மூன்றடியில் மென்மை, எட்டடியில் கடினம். கிட்டே கொண்டுவாருங்கள், பவரைக் குறையுங்கள். உள்ளே மாட்டும் இரண்டாவது வெள்ளைத் துணியை மாட்டினீர்களா என்றும் பாருங்கள்.

பின்சுவரில் நிழல் விழுந்தால் ஆளை மூன்றடியாவது முன்னால் கொண்டுவந்து, லைட்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள். நிழல் கீழே இறங்கி ஃப்ரேமுக்கு வெளியே போய்விடும்.

வெள்ளைப் பின்னணி சாம்பலாக வருவது பற்றி நிறையப் பேர் குழம்புகிறார்கள். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகும். ஆள் லைட்டிலிருந்து மூன்றடியில், பின்னணித் திரை ஆறடியில் இருந்தால் திரைக்கு இரண்டு ஸ்டாப் குறைவாகவே கிடைக்கும். வெள்ளை சாம்பலாவது இயல்பு. லைட்டை ஆறடிக்குத் தள்ளினால் ஆள் ஆறடி, திரை ஒன்பதடி, வித்தியாசம் ஒரு ஸ்டாப்பைவிடச் சற்றே கூட. பின்னணி வெளுக்கும், ஆனால் நிழல் கடினமாகும். இரண்டும் வேண்டும் என்னும்போதுதான் இரண்டாவது லைட்டைப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும். அதை ஆளுக்குப் பின்னால் மறைத்துத் திரையை நோக்கித் திருப்புங்கள். இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் வெள்ளைச் சுவரையே கறுப்பாக்கலாம்: லைட் முகத்துக்கு மிக அருகில், ஆள் சுவரிலிருந்து முடிந்தவரை தூரத்தில்.

முழு உருவம் எடுக்க 50 எம்எம் லென்ஸுக்கு, சாதாரணக் கிராப் சென்சார் (ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்ன சென்சார்) கேமராவில், பதினான்கு அடியாவது வேண்டும். அறையில் அவ்வளவு இல்லை என்றால் கதவைத் திறந்து வராந்தாவில் நின்று எடுக்கலாம். இடுப்பு வரைக்கும் ஆறேழு அடி போதும்.

கண்ணாடி போட்டவர் வந்தால் கண்ணாடியில் சாஃப்ட்பாக்ஸ் வெள்ளைக் கட்டமாகத் தெரியும். லைட்டை ஏற்றுங்கள், பக்கவாட்டில் நகர்த்துங்கள். போதவில்லை என்றால், "அண்ணா, கண்ணாடிக் காம்பைக் காதுக்கு மேல கொஞ்சம் தூக்கி வெச்சுக்கோங்க" என்று சொல்லுங்கள். கண்ணாடி லேசாகக் கீழே சாயும், பிரதிபலிப்பு தரைக்குப் போய்விடும். வியர்வைக்கு டிஷ்யூவால் ஒற்றி எடுத்து மெல்லப் பவுடர் போடுவதே தீர்வு. நெற்றி மினுமினுப்பைக் கம்ப்யூட்டரில் அழிப்பது பெரிய வேலை. டேபிள் ஃபேனை ஆளை நோக்கி வைக்கலாம், ஃப்ளாஷ் வேகத்தில் அசைவு உறைந்துவிடும். காற்று திரைமேல் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எடுத்து வைக்கும்போது

ஹாலஜன் மாடலிங் லைட் ஆறும்வரை சாஃப்ட்பாக்ஸை மடிக்காதீர்கள். ஸ்பீட்லைட்டிலும் ட்ரிக்கரிலும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். உப்புக்காற்றில் பேட்டரி கசிந்தால் தகடு பச்சை பூத்துப்போகும். பையில் சிலிகா ஜெல் போடுங்கள், மழைக்காலத்தில் அடிக்கடி மாற்றுங்கள். ஸ்ட்ரோப்பை மாதக்கணக்கில் பரண்மேல் தூங்கவிட்டால் கெபாசிட்டர் தளர்ந்துபோகும். மாதம் ஒருமுறை எடுத்து, ஆன் செய்து சிறிது நேரம் விட்டு, குறைந்த பவரில் தொடங்கி முழுப் பவர்வரை சில முறை அடித்துவிட்டு வையுங்கள்.